ஒரு முகவரி போதும், மொத்த வாலட்டும் எதற்கு?

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் உங்கள் எக்ஸ்சேஞ்சில் மூன்று வருடமாகக் கணக்கு வைத்திருப்பவள் நான். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என் புகார் நான்கு மாதமாக உங்களிடம் திறந்தே கிடக்கிறது. படித்ததும் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன் எனக்கு ஒரு பார்சல் வந்தது. எங்கள் ஊர் கோத்தகிரிக்கு மேலே. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள் படியேறி வரவேண்டும். கூரியர் தம்பிகள் ஏறி வருவதில்லை, கீழே டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வாரம் மழை விடவே இல்லை. பார்சல் மூன்று நாள் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே என் பெயர், ஃபோன் நம்பர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கிரிப்டோ வாலட்’. நான் போனதும் கடைக்கார அண்ணன், "டீச்சர், உங்க பிட்காயின் பொட்டி வந்திருக்கு" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேரை எனக்கு யாரென்றே தெரியாது.

உள்ளே ஒரு ஹார்டுவேர் வாலட்டும், அதாவது கிரிப்டோ காசின் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் சின்னக் கருவியும், ஒரு கடிதமும் இருந்தன. உங்கள் பழைய கருவி பாதுகாப்பாக இல்லை, வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் உங்கள் 24 ரகசியச் சொற்களை இந்தப் புதுக் கருவியில் பதியுங்கள் என்று எழுதியிருந்தது. இது பழைய தந்திரம். 2020-ல், இத்தகைய வாலட் கருவிகளைச் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் ஃபோன் நம்பரும் வெளியே வந்தன. மறுவருடம் அவர்களில் சிலர் வீட்டுக்கு இதே மாதிரி போலிக் கருவிகள் தபாலில் வந்தன. அதைப் படித்திருந்ததால் தப்பித்தேன். அந்த 24 சொற்கள் போனால் எல்லாம் போச்சு.

இது உங்களிடமிருந்துதான் கசிந்தது என்று எப்படிச் சொல்கிறேன்? உங்கள் படிவத்தில் முகவரிக் கட்டம் சின்னது. ‘மஞ்சள் தண்ணீர்த் தொட்டி எதிரில்’ என்று எழுதினேன், ‘மஞ்சள் தண்ணீர்த் தொ’ என்று பாதியில் வெட்டிவிட்டது. வேறு எங்கேயும் நான் அந்த அடையாளத்தைக் கொடுத்ததில்லை. பார்சலில் அதே ‘தொ’ இருந்தது. அப்புறம், கடிதத்தில் என் பிட்காயின் இருப்பு எட்டு தசமம் வரை அச்சாகியிருந்தது. அது உங்கள் உதவி மையத்துக்கு நான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய நாளின் தொகை.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானாக அனுப்பவில்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனதைப் பார்த்தபிறகு, நம் காசு நம் வாலட்டில் இருப்பதே நல்லது என்று முடிவு செய்து, உங்களிடமிருந்து எடுக்கப் போனேன். நீங்கள் நிறுத்தி வைத்தீர்கள். வாலட் உங்களுடையதுதான் என்று நிரூபியுங்கள் என்றீர்கள். சரி, நியாயம்தான். ஆனால் கேட்டது என்ன? மொத்த இருப்பு தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஆதாரைக் கையில் பிடித்த வீடியோ, அதோடு எக்ஸ்பப், அதாவது வாலட்டின் முகவரிகள் எல்லாவற்றையும் உருவாக்கிக் காட்டும் பொதுச் சாவி. எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று மூன்று முறை எழுதினேன். ‘கம்பெனி பாலிசி’ என்று மூன்று முறையும் ஒரே பதில். காசு உங்கள் கையில் மாட்டியிருந்தது, பதினோரு நாள் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

எக்ஸ்பப் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் உதவி மையத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த மாதிரி இல்லை, அதனால் சொல்கிறேன். பிட்காயின் கணக்கேடு ஊரறிய விரித்துவைத்த கணக்கேடு. ஒரு முகவரி (வீட்டு முகவரி இல்லை, காசு வந்து சேரும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடர்) தெரிந்தால் அதன் வரவு செலவு முழுவதையும் யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே ஆளுடையது என்று கோத்துவிடுவார்கள் என 2008-ல் வந்த பிட்காயின் கட்டுரையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நானும் ஒழுங்காக ஒவ்வொரு தடவையும் புது முகவரியில்தான் வாங்கினேன். எக்ஸ்பப் கையில் இருந்தால் அந்தக் கவனமெல்லாம் வீண். இதுவரை வந்த முகவரிகளும் அந்தக் கணக்கில் இனி வரப்போகும் முகவரிகளும் வரிசையாகத் தெரியும். பாஸ்வேர்டு மாதிரி மாற்றவும் முடியாது. புது 24 சொற்களோடு வேறு வாலட் தொடங்கித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக நகர்த்தினால் பழையதும் புதியதும் ஒரே ஆள் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கரண்ட் இல்லாத ராத்திரியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புதுச் சொற்களை எழுதிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, வேறு வேறு நாளில், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டி நகர்த்தினேன். பழைய இருப்பைக் கண்டவர்களின் கண் அதிலிருந்து விலகியதா என்று இன்னும் நிச்சயமில்லை.

எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. லாபத்துக்கு 30 சதவீதம் வரி கட்டுகிறேன், விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். நீங்களே பிடிக்கிறீர்கள். 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன, ஆள் யாரென்று தெரிந்துகொள்வது உங்கள் கடமை என்பதும் தெரியும். என் பெயரும் பான் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். ஆனால் பெயர், வீடு, முகம், மொத்தக் கையிருப்பு நான்கையும் ஒரே டிக்கெட்டில் (உதவி மையத்தின் புகார்ப் பதிவில்) கட்டி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி வைக்காதீர்கள். 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற அமெரிக்க எக்ஸ்சேஞ்ச் வெளியிட்டதைப் படித்திருப்பீர்கள். உதவி மைய ஆட்களுக்கு லஞ்சம் கொடுத்தே 69,461 பேரின் விவரத்தை எடுத்துவிட்டார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை.

எங்கே போனாலும் இதே கதைதான். போன வாரம் ஒரு கடையில் வர்க்கி மடித்துக் கொடுத்த தாளைத் திருப்பினால் யாரோ ஒரு பெரியவரின் ஆதார் நகல். சிம் கார்டுக்கு, லாட்ஜுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ். வாங்கத் தெரிந்த யாருக்கும் அதைப் பத்திரப்படுத்தத் தெரியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தாள் மட்டும் வர்க்கிக்கடை வரை வந்துகொண்டே இருக்கிறது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். இங்கே ராத்திரி நாய் குரைத்தால் கரடியோ சிறுத்தையோ என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். இப்போது எழுந்து உட்கார்ந்து கீழே பைக் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். அப்பாவுக்குக் காரணம் சொல்லவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது இதுதான். வாலட் யாருடையது என்று பார்க்க ஒரு முகவரி போதும். அந்த முகவரியின் ரகசியச் சாவியால், சாவியை வெளியே காட்டாமலே, நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்தில் கையொப்பமிட்டு அனுப்புகிறோம், சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற முகவரிகள் எதுவும் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. எக்ஸ்பப்பும் மொத்த இருப்பும் இனி யாரிடமும் கேட்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை அழியுங்கள். என் டிக்கெட்டை யார் யார் திறந்தார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். என்னைப் போல எத்தனை பேருக்குப் பார்சல் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களால் கண்டுபிடிக்க முடியும். அவர்களுக்கு இன்றே எச்சரிக்கை அனுப்புங்கள்.

பதிலைத் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். கூரியரில் வந்தால் டீக்கடையில்தான் இறங்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி