செடியைப் பிடுங்காதே

அன்பு மகளுக்கு,

மீன்தொட்டியின் படம் பார்த்தேன். செடிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால், மீன்கள் கண்ணிலேயே படுவதில்லை, முன்பக்கச் செடிகளை எடுத்துவிட்டு விளக்கைக் கூட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் செய்யாதேம்மா.

நீ வாங்கியிருப்பது சில்லி ராஸ்போரா. முழுதாக வளர்ந்தாலும் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். போர்னியோ தீவின் தென்பகுதியில், சதுப்புக் காட்டு ஓடைகளில், உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் நிறமான தண்ணீரில் வாழ்கிற மீன் அது. அந்த அளவு மீனை விழுங்கப் பெரிய மீன், பூச்சிப்புழு, பறவை என்று எத்தனையோ காத்திருக்கும். அதனால் வெட்டவெளி என்றாலே அதற்குப் பயம். செடியை எடுத்தால் முன்னால் வராது. ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கி, நிறம் வெளுத்து, சாப்பாட்டையும் விட்டுவிடும். ஒரு பாய்ச்சலில் போய் ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியே நீந்தும்.

ஆகவே, செடியைக் கூட்டு. முதலில் மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விடு, சால்வினியா போதும். மேலிருந்து விழும் வெளிச்சம் மங்கினாலே பாதிப் பயம் போய்விடும். கட்டையில் ஜாவா பாசியைக் கட்டிவிடு. அனுபியாஸ் செடி வைத்தால் அதன் தண்டுக்கிழங்கு மணலுக்குள் புதையக் கூடாது, அழுகிவிடும். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றிரண்டைப் போட்டால் தண்ணீர் லேசாகப் பழுப்பாகும். அழுக்கு என்று நினைத்து மாற்றிவிடாதே, அந்த நிறம் இவற்றுக்குப் பழகிய நிறம். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றைக் குறைத்து வை. இவ்வளவு சின்ன மீன் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டக் கூடாது.

இதெல்லாம் சரியாகிவிட்டால் சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார். முதலில் ஒன்று பாசிக்குள்ளிருந்து மூக்கை நீட்டும். அப்புறம் இரண்டு ஆண்கள் வந்து துடுப்புகளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றும். அப்போது பார், உடலின் சிவப்பு ஏறி, நடுவே ஓடும் கறுப்புக் கோடு மை தீட்டியது போல நிற்கும். கடையில் வெளுத்துக் கிடந்த மீனா இது என்று தோன்றும். இதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு!

தீனி விஷயத்தில் வாயின் அளவை மறக்காதே. செதில் தீனியை விரல்களுக்கு நடுவே மாவாகப் பொடித்துப் போடு. முடிந்தால் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் பொரிக்க வை. ஒரு நாள், ஒன்றரை நாளில் குஞ்சு வந்துவிடும். அதைத் தின்ற மீனின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டிருக்கும், கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒளிவது வேறு, மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திணறுவது வேறு. திணறினால் உடனே தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்துப் பார், மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகள் அவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைபெற்று, கழிவை நைட்ரேட்டாக மாற்றும் அளவுக்கு வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சமாக மாற்று; குளோரினை நீக்கும் மருந்து சேர்க்காமல் குழாய்த் தண்ணீரை ஊற்றாதே. ஸ்பாஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசு.

கேலக்சி ராஸ்போராவும் வேண்டும் என்றாய். 2006-ல் மியான்மர் மலைப்பகுதியில் கண்டுபிடித்த மீன் அது, கொள்ளை அழகு. ஆனால் கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேலே வாழ்வது, சற்றுக் குளிர்ந்த தண்ணீர் கேட்கும். உன்னுடையவை வெதுவெதுப்பில் வாழ்பவை. இரண்டையும் ஒரே தொட்டியில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதில் இதே மீனில் இன்னும் கொஞ்சம் வாங்கு. பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால்தான் கூட்டத்துக்கே தெம்பு வரும். வாங்குவதற்கு முன் நைட்ரைட் எவ்வளவு காட்டுகிறது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா