ஊருணிக் கரையும் உன் சுரங்கப் பிட்டும்

காரைக்குடி

அன்புள்ள சொக்கலிங்கம்,

உன் கடிதம் வந்து 10 நாளாகிறது. ஊருணி வேலைக்கு அலைந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அப்பத்தாவின் கழுத்திருவை, அந்தக் கல்யாணத் தங்கத் தாலியை, பெட்டியிலிருந்து எடுத்து மெருகு போடப் பத்தரிடம் கொடுத்தோம். அவர் தராசில் வைத்தபோது எனக்கு நீ வேலை பார்க்கும் தங்கச் சுரங்கத்துப் பிட், அந்தத் திறந்தவெளிக் குழி, ஞாபகம்தான். ஒரு டன் தாதுவில் ஒன்றரை கிராம் தங்கம் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் 8 கிராம் பவுனுக்குக் கிட்டத்தட்ட 5.3 டன் தாது. ஒரு டன் தாதுக்கு 5 டன் வெறும் பாறை அள்ளுகிறீர்கள் என்றால் இன்னும் கிட்டத்தட்ட 27 டன். ஒரே ஒரு பவுனுக்கு!

தங்கம் விலை ஏறியதால் முன்பு ஒதுக்கிய தாதுவும் இப்போது கட்டுப்படியாகிறது, அதனால் பிட்டை விரிக்கிறோம் என்கிறாய். சரி. ஆனால் ஆழம் போக வேண்டுமென்றால் முதலில் பிட்டின் சுவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வருஷக் கணக்கில் வெறும் பாறையை வெடித்து அள்ள வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க, சுவரை இரண்டு டிகிரி நிமிர்த்தினால் என்ன என்று மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே நடந்ததைக் கேள். ஊருணியை ஆழப்படுத்த வந்த கான்ட்ராக்டர், கரையைப் படிப்படியாகச் சரிக்காமல் பொக்லைனை விட்டு நெட்டுக்குத்தாக வெட்டினார். கரை மேல் ஒரு விரிசல் விட்டது. முதல் நாள் அதில் தீக்குச்சி நுழைந்தது, மூன்றாம் நாள் என் கட்டைவிரல் நுழைந்தது. அன்று ராத்திரி நல்ல மழை. விடிந்து பார்த்தால் தென்கரை படித்துறையோடு உள்ளே கிடக்கிறது. நல்லவேளை, ஆள் இல்லாத நேரம். விரிசலைப் பார்த்த அன்றே நான் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி சூப்பர் பிட் தங்கச் சுரங்கத்தில் 2018 மே மாதம் கிழக்குச் சுவர் சரிந்ததே, யாருக்கும் அடிபடவில்லை. அதை நினைத்துத் தைரியம் கொள்ளாதே. சுவர் மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தாலும் ராடார் காட்டிவிடும் என்கிறாய். ஆட்களையும் டம்பர்களையும் வெளியேற்ற நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். சரிந்த மண்ணுக்கு அடியில் போன, டம்பர்கள் ஏறி இறங்கும் ஹால் ரோடும் தாதுவும் திரும்ப வர எத்தனை மாதம் ஆகும்? அதையும் அந்த இரண்டு டிகிரி கணக்கில் சேர்த்து அவர்கள் முன்னால் வை. அப்புறம், சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரை வடிக்கத் துளை போட்டாயிற்றா என்று எழுது.

தை மாதத்துக்கு இப்போதே லீவு சொல்லிவிடு. நம் வீட்டு முகப்பில்தான் பந்தல்.

அன்புடன்,
அண்ணாமலை