ஹம்மிங் வருதுன்னு எர்த்த புடுங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரைப் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்யாண ரிசப்ஷன், ஊர்த் திருவிழா, சர்ச் பண்டிகைன்னு மாசி பங்குனி சித்திரை மூணு மாசமும் வேன்லயே தூங்கி எந்திரிக்கிற பொழப்பு. திரும்ப சீசன் வரப்போகுது, அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த உங்க பத்திரிகை வழியா எங்க ஆளுங்களுக்கும் மைக் செட் போடுறவங்களுக்கும் மண்டபம் வச்சிருக்கவங்களுக்கும் சொல்லணும்னு தோணுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

பேஸ் கிட்டார ஆம்ப்ல, அதாவது ஆம்ப்ளிஃபயர்ல, சொருகி ஆன் பண்ணதும் "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் வரும், ஹம்மிங்குன்னு சொல்வோம். அது வந்த உடனே நாங்க பண்ற மொத வேலை என்ன தெரியுமா, ஆம்ப் பிளக்குல மேல இருக்கிற தடிச்ச பின்ன, எர்த் பின்ன, கழட்டி வீசிடுறது. இல்லன்னா ஒயர் தலையச் சீவி ரெண்டே ரெண்டு கம்பிய சாக்கெட்டுல விட்டு தீக்குச்சியச் சொருகிடுறது. இரைச்சல் நின்னுரும். "பாத்தீங்களாண்ணே, எர்த்துதான் பிரச்சினை"ன்னு தம்பி சிரிச்சிட்டே போயிருவாப்ல. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்ணேன், யாரையும் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்துல பங்குனிப் பொங்கல் கச்சேரி. என் ஆம்ப் பிளக்குல எர்த் பின் இல்ல, நானேதான் எடுத்திருந்தேன். ரெண்டாவது பாட்டுல கோரஸ் பாடணும், கை தந்தியில இருக்கு, வாய மைக்குக்கிட்ட கொண்டு போனேன், உதடு அந்தக் கம்பி வலையில பட்டுச்சு, அவ்வளவுதான். சத்தம் கூட வாயில இருந்து வரல. இடது கை தானா மூடி கிட்டார் கழுத்த இறுக்கிப் பிடிச்சிருச்சு, விடணும்னு மனசு சொல்லுது, விரல் கேக்க மாட்டேங்குது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் என்னத் தொடாம ஜங்ஷன் பாக்ஸ் ஒயர செருப்புக் காலால எத்தி இழுத்துட்டாரு, அவருக்குத்தான் இன்னிக்கு நான் உசுரோட இருக்கிற கடன். ஒரு அஞ்சாறு செகண்டுதான் இருக்கும்னு பாத்தவங்க சொன்னாங்க. மேல் உதட்டுல மிளகு சைஸுக்கு ஒரு கருகின புள்ளி, இடது கை நாலு விரல்லயும் நாலு தந்தி பட்ட இடத்துல கோடு கோடா வெள்ளத் தழும்பு, ரெண்டு வாரம் இருந்துச்சு.

மறுநாள் ஆம்ப கழட்டிப் பாத்தா, மெயின் ஒயர் ஒண்ணு ட்ரான்ஸ்ஃபார்மர் ஸ்க்ரூவுல ஒரசி ஒரசி தோல் உரிஞ்சு ஆம்ப் தகட்டுல பட்டுட்டு இருக்கு. எர்த் பின் இருந்திருந்தா ஆன் பண்ண அந்த நிமிஷமே ஃப்யூஸ் போயிருக்கும், எனக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். பின் இல்லாததால 230 வோல்ட்டும் ஆம்ப் தகட்டுல ஏறி, கேபிளோட வெளிச்சுத்து வலை வழியா கிட்டார் ஜாக்குக்கு வந்து, அங்க இருந்து தந்திய மாட்டியிருக்க பிரிட்ஜ் தகட்டுக்கு, பிரிட்ஜ்ல இருந்து தந்திக்கு வந்து நின்னுட்டு யாராவது தொடட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு. மைக்கோ, சவுண்ட் மிக்சர் வழியா நல்லா எர்த் ஆகியிருக்கு. நடுவுல நான், கைக்கும் உதட்டுக்கும் நடுவுல என் நெஞ்சு.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ளது இல்ல. 1972 மே 3ஆம் தேதி வேல்ஸ் நாட்டுல ஸ்வான்சீ ஊர்ல ஸ்டோன் த குரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி மேடையிலயே செத்துப் போனாரு, எர்த் இல்லாத மைக்க தொட்டதால. வயசு 27. யார்ட்பேர்ட்ஸ் பேண்டுல பாடுன கீத் ரெல்ஃப் 1976ல வீட்டுல கிட்டார் வாசிக்கும்போது ஷாக் அடிச்சே போனாரு. இவ்வளவு வருஷம் கழிச்சும் நாம அதே பின்ன உடைச்சிட்டு இருக்கோம்.

நம்ம ஊர் மூணு பின் பிளக்க கையில எடுத்துப் பாருங்க, எர்த் பின் மட்டும் மத்த ரெண்ட விட நீளமா இருக்கும், தடியாவும் இருக்கும். சொருகும்போது அது மொதல்ல தொடணும், புடுங்கும்போது அது கடைசியா விடணும், அதுக்குத்தான் அந்த நீளம். இவ்வளவு யோசிச்சு ஒருத்தர் செஞ்சு வச்சத நாம கட்டிங் பிளேயர்ல ஒரு நொடியில எடுத்துடுறோம்.

சரி, அப்ப ஹம்மிங்க என்ன பண்றதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. ஏன்னா பேஸுக்கு அது பெரிய தலைவலி. கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 50 தடவை அடிக்குது. பேஸோட தடிச்ச தந்தி ஈ, அது 41 ஹெர்ட்ஸ். அதே தந்தியில மூணாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கால பதிச்சிருக்க கம்பி) ஜி வாசிச்சா 49. ஹம் உக்காந்திருக்க இடமும் நாங்க வாசிக்கிற இடமும் ஒண்ணு, அதனால மிக்சர்ல லோ குமிழ திருகி ஹம்ம குறைச்சா பேஸும் சேந்து செத்துப் போயிரும். ராஜா சார் பாட்டு வாசிக்கிற மேடையில அது பெரிய பாவம், அவர் பாட்டுல பேஸ் சும்மா தாளத்துக்கு நிக்காது, அடியில தனியா ஒரு மெட்டு ஓடும், கூட்டத்துல பாதிப் பேருக்கு அது மனப்பாடம். இரைச்சலும் இருக்கக் கூடாது, அடி சத்தமும் போகக் கூடாதுன்னா வைத்தியத்த கிட்டாருக்குள்ளதான் பண்ணணும்.

தந்திக்கு அடியில இருக்க பிக்கப்புங்கிறது காந்தத்தச் சுத்தி தலைமுடி மாதிரி மெல்லிசான செப்புக் கம்பிய ஆயிரக்கணக்கான சுத்து சுத்துனது. தந்தி ஆடுறத மட்டும் இல்ல, பக்கத்துல இருக்க சீரியல் செட்டு, டிம்மர், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாத்தையும் அது ஆன்டெனா மாதிரி புடிக்கும். லியோ ஃபெண்டர் 1951ல கொண்டு வந்த ப்ரிசிஷன் பேஸ்லயும் இந்தப் பாடு இருந்துச்சு, 1957ல அந்தப் பிக்கப்ப ரெண்டு துண்டாக்கி ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்ப்பக்கமா வச்சாங்க, ரெண்டும் புடிக்கிற இரைச்சல் ஒண்ண ஒண்ணு தின்னுரும். 1960ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு தனிப் பிக்கப், ரெண்டு வால்யூமும் முழுசா இருந்தாத்தான் இரைச்சல் அடங்கும். எங்க தம்பிங்க நிறைய பேர் பிரிட்ஜ் பக்கம் மட்டும் வச்சு வாசிக்கிறாங்க, அந்த டோன் அழகுதான், ஆனா ஒண்ணக் குறைச்ச உடனே ஹம் எந்திரிச்சு உக்காந்துக்கும். மேடையில இரைச்சல் வந்தா மொதல்ல ரெண்டு வால்யூமயும் முழுசா திறந்து பாருங்க, பைசா செலவில்லாத வைத்தியம்.

என்கிட்ட இருக்கது ஜாஸ் மாடல்ல செஞ்ச ஒரு சாதாக் கிட்டார். ஷாக் அடிச்சப்புறம் சென்னைக்குப் போன ஒரு நாள் ரிச்சி ஸ்ட்ரீட்ல காப்பர் ஃபாயில் டேப் ஒரு ரோல் வாங்கிட்டு வந்தேன், ஒட்டுற பசையும் கரண்ட் கடத்துற மாதிரி இருக்கது, அதக் கேட்டு வாங்கணும். தந்திய இளக்கி, குமிழ் இருக்கிற தகட்டயும் பிக்கப்பையும் கழட்டி, உள்ள எந்த ஒயர் எங்க போகுதுன்னு போன்ல நாலு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன், இத மட்டும் மறந்துடாதீங்க. மரத்துல குடைஞ்சிருக்க குழிய சுத்தமா தொடச்சு, அடி, சுவர் எல்லாம் காப்பர் டேப்ப ஒட்டி, விளிம்புக்கு மேல கொஞ்சம் மடிச்சு விட்டேன், மூடுற தகடு அதுல படணும்ல. ஒரு துண்டு இன்னொரு துண்டோட சேர்ற இடத்துல பொட்டு பொட்டா சோல்டர் வச்சேன். பிக்கப் குழிக்கும் அதே மாதிரி, ஒவ்வொரு குழியில இருந்தும் ஒரு ஒயர் எடுத்து வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில இருக்க பாகம்) முதுகுல சேத்துட்டேன். பாட் முதுகு பெரிய தகடு, சின்ன 25 வாட் அயர்ன் வச்சா சூடு ஏறாம சோல்டர் முத்து மாதிரி உருண்டு நிக்கும், உப்புத்தாள்ல தேச்சுட்டு 60 வாட் வச்சா ஒரே நொடியில படிஞ்சிரும்.

எல்லாம் மூடி சொருகிப் பாத்தா சத்தமே வரல, எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அப்புறம் பாத்தா ஜாக்கோட உள் நாக்கு காப்பர் டேப்புல பட்டுட்டு இருக்கு. அந்த இடத்துல இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு, சரியாயிருச்சு. கடைசியா மல்டிமீட்டர பீப் அடிக்கிற பக்கம் வச்சு பிரிட்ஜுக்கும் ஜாக்கோட வெளி வளையத்துக்கும் தொட்டுப் பாக்கணும், பீப் வந்தா தந்தி எர்த் சரி. ஒரு மதியம் வேலை, டேப்பு சோல்டர் எல்லாம் சேத்து ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு செலவு கூட பெருசா தாண்டல. சீறுற சத்தம் முக்கால்வாசி போயிருச்சு.

உள்ளத உள்ளபடி சொல்லணும், காப்பர் டேப் எல்லாத்தையும் நிறுத்தாது. பக்கத்துல பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்தா அதோட காந்தம் டேப்ப துளைச்சு வரும், அதுக்கு ரெண்டு சுருள எதிரெதிரா வச்ச ஹம்பக்கர் பிக்கப் போடணும், இல்ல நாலடி தள்ளி கொஞ்சம் திரும்பி நிக்கணும். ஈ.எம்.ஜி. மாதிரி பேட்டரியில ஓடுற ஆக்டிவ் பிக்கப் போட்டா தந்திக்குப் போற எர்த் ஒயரே வேண்டாம்னு அந்தக் கம்பெனியே சொல்லுது, வசதி இருக்கவங்களுக்கு அது நல்ல வழி. கிட்டார அந்த மாதிரி நம்ம கையால தொறந்து மாத்துறது ஒண்ணும் தப்புக் காரியம் இல்ல, பயப்படாதீங்க, ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டுல பேஸ் வாசிச்ச பில் வைமன் 1961லயே ஒரு மலிவு பேஸ்ல ஃப்ரெட்ட எல்லாம் புடுங்கிட்டுத்தான் வாசிச்சாரு, அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸ் வாசிச்ச ஃப்ரெட் இல்லாத பேஸும் ஃப்ரெட்ட எடுத்து விரல் பலகைக்கு எபாக்சி பூசுனதுதான். இந்த வாத்தியத்துக்கு ஸ்க்ரூ ட்ரைவர் புதுசு இல்ல.

கிட்டார சரி பண்ணியும் மிக்சர்ல கனெக்ஷன் கொடுத்தா மட்டும் ஹம் வருதுன்னா அது எர்த் லூப். ஆம்ப் ஒரு பக்கம் எர்த், மிக்சர் இன்னொரு பக்கம் எர்த், நடுவுல ஆடியோ கேபிள் சேந்து ஒரு வளையம் ஆயிரும். இதுக்குத்தான் டி.ஐ. பாக்ஸ்னு நடுவுல மாட்டுற ஒரு சின்னப் பெட்டி, உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் வச்சது, அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளோட வெளிச்சுத்து வலைய (ஷீல்ட) மட்டும் வெட்டும், கரண்ட் பிளக்கோட எர்த்த தொடாது. எர்த்த விடுறதுன்னா இந்த ஒரு இடத்துலதான் விடணும், வேற எங்கயும் கூடாது. காலால மிதிச்சு டோன மாத்துற பெடல் வச்சிருக்கவங்களும் கவனிங்க, சத்தத்த ஒரே அளவா சமன் பண்ற கம்ப்ரஸர் போட்டா சின்ன இரைச்சலயும் அது பெருசாக்கித்தான் காட்டும், மலிவான அடாப்டர் ஒண்ணுல நாலு பெடல மாட்டுனா கீய்ங்குன்னு ஒரு சத்தம் தனியா வரும், அது எர்த் குத்தமே இல்ல, பெடல்ல 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்.

மண்டபக்காரங்க, விழாக் கமிட்டிக்காரங்ககிட்ட நான் கேக்குறது பெருசு இல்ல. மேடைக்குன்னு ஒரே போர்டுல இருந்து ஒரே ஃபேஸ்ல ஒரு லைன் கொடுங்க. மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ், அந்தப் பக்கம் ஒரு ஃபேஸ் இருந்தா நடுவுல 400 வோல்ட் நிக்குது, நாங்க அதுல கேபிள் இழுத்துட்டு நடக்குறோம். அந்த லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒண்ணு போடுங்க, கரண்ட் ஆள் உடம்பு வழியா கசிஞ்ச உடனே அது விழுந்துரும். ஜெனரேட்டர் வச்சா கம்பி அடிச்சு முறையா எர்த் கொடுங்க. கோடையில எர்த் குழி காஞ்சு கெடக்கும், கரியும் உப்பும் போட்ட குழிக்கு காலையில ரெண்டு குடம் தண்ணி ஊத்த ஒரு ஆளச் சொல்லி வைங்க, வாசல்ல கோலம் போட தெளிக்கிற தண்ணிதானே.

பாடுறவங்களுக்கும் ஒண்ணு. கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுறவங்க வாய வைக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர ஏ.சி. வோல்ட்ல வச்சு ஒரு முனைய மைக் வலையிலயும் ஒரு முனைய தந்தியிலயும் வைக்கச் சொல்லுங்க. முள்ளு அசஞ்சாலோ நம்பர் ஏறுனாலோ கச்சேரி ஆரம்பிக்காதீங்க, கமிட்டித் தலைவரே வந்து நின்னாலும் சரி. சுர்ருன்னு லேசா இழுக்குதேன்னு சொல்லிக்கிட்டே வாசிக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு, எர்த் இல்லாத மிக்சர், கீபோர்டு அடாப்டர்லாம் அப்படித்தான் இழுக்கும், இன்னிக்கு லேசா இழுக்குறது ஒரு ஒயர் உரிஞ்சா நாளைக்கு லேசா இருக்காது.

என் பழைய பிளக்க தூக்கிப் போட்டுட்டு புது மூணு பின் டாப் மாட்டியாச்சு. எங்க ட்ரூப்ல மூணு கிட்டாருக்கு காப்பர் டேப் ஒட்டி முடிச்சிட்டேன், ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சர்ச்ல வாசிக்கிற பையன் அவன் பேஸ கொண்டு வந்தான், அதுவும் முடிஞ்சுது. மதுரைப் பக்கம் எந்த மேடையிலயாவது என்னப் பாத்தா தாராளமா வந்து கேளுங்க தம்பிங்களா, சோல்டரிங் அயர்ன் வேன்லயே இருக்கு, டேப்பு மட்டும் வாங்கிட்டு வாங்க.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கும் உங்கள் வாசகர்,
மதுரை.