45-ஆம் நாள் வரச் சொல்வது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புருவத்துக்கு நிரந்தர ஒப்பனை, அதாவது தோலுக்குள் ஊசியால் நிறம் ஏற்றும் ஒப்பனை, செய்துகொண்ட வாசகி ஒருவர், முதல் முறை வேண்டுமென்றே அரைகுறையாகப் போட்டுவிட்டு, டச்சப் (நிறம் பிடிக்காத இடங்களைச் சரிசெய்யும் இரண்டாம் அமர்வு) என்ற பெயரில் மறுபடியும் வரவழைத்துக் காசு பறிக்கிறார்கள் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். கோவையில் 9 ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்துவருகிறேன். அவருடைய கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி தவறான புரிதலால் வந்தது. ஆனால் அந்தப் புரிதலுக்கும், முதல் நாளே விவரத்தை எடுத்துச் சொல்லாத எங்கள் தொழிலில் இருப்பவர்களே பெரும்பாலும் காரணம் என்பதால், சில விளக்கங்களை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முடி முடியாகக் கீறி நிறம் ஏற்றும் மைக்ரோபிளேடிங் ஆனாலும், மெஷினால் புள்ளி புள்ளியாக வைக்கும் பவுடர் புருவம் ஆனாலும், நிறமி போய்ச் சேர வேண்டிய இடம் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, அடித்தோலின் மேற்பகுதி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆழம் அது. அதற்கு மேலேயே நின்றுவிட்ட நிறம் தோல் உரியும்போது கூடவே போய்விடும். கீழே இறங்கிவிட்டால் பரவிச் சாம்பலும் நீலமுமாகத் தெரியும். வேலை முடிந்த அன்று கண்ணாடியில் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. முதல் நான்கைந்து நாள் புருவம் கருகருவென்று மை தீட்டியதுபோல் இருக்கும். பிறகு பொருக்குத் தட்டி, பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் உதிரும். உதிர்ந்த இடம் வெளிறிப்போய், போட்ட நிறம் எங்கே போனது என்று தேட வைக்கும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் ஆகிறது; வயது ஏற ஏற அதற்கு மேலும் ஆகும். அந்தப் புதிய தோல் தெளிந்த பின்னர்தான் அடியில் தங்கிய நிறம் எவ்வளவு, எந்த இடத்தில் தங்கவில்லை என்பது வெளியே தெரியும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு கை தேர்ந்தவர் போட்டாலும், ஒரே அமர்வில் இரு புருவங்களும் முழுக்க, சீராகப் பிடித்துக்கொள்வது அரிது.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் செய்த தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வங்கியில் பணிபுரியும் பெண் ஒருவர், 18-ஆம் நாள், புருவம் முழுவதும் அழிந்துவிட்டது, அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள் என்று கண்கலங்கி வந்து நின்றார். வேலை தெரியாதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், அன்றே அவரை உட்காரவைத்து, அதே நிறத்தை அதே கோடுகளின் மேல் மறுபடியும் ஏற்றினேன். ஆறாவது வாரம், முதலில் போட்ட நிறமும் மேலே தெரிந்தது, பிறகு போட்டதும் அதனோடு சேர்ந்துகொண்டது. நெற்றியில் கரிக்கட்டையால் இழுத்ததுபோல் இரண்டு பட்டைகள். ஆறாத தோலை மீண்டும் கீறியதால் இடது புருவத்தின் நடுவில் சிறு தழும்பும் விழுந்துவிட்டது. லேசர் வைத்து நிறத்தைக் குறைக்க ஆன செலவை நான் ஏற்றுக்கொண்டேன். தழும்பு அப்படியே இருக்கிறது. அதன் பிறகு, எதிரில் இருப்பவர் எவ்வளவு அழுதாலும், ஆறு வாரம் ஆகாத புருவத்தில் நான் ஊசி வைப்பதில்லை.

எட்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு, "அக்கா, கலர் பூரா போயிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருவது இத்தொழிலில் எல்லோருக்கும் பழக்கமானது. இதற்காக, முன்பு வந்த ஒருவரின் ஒப்புதலோடு, அவருடைய புருவத்தை 1, 7, 14, 28, 42 ஆகிய நாள்களில் எடுத்த படங்களை ஒரே தாளில் அச்சிட்டு, முதல் அமர்வு முடிந்ததும் கையில் கொடுத்துவிடுகிறேன். டச்சப்புக்கு வர வேண்டிய தேதியையும் அதே தாளின் கீழே எழுதிக் கொடுக்கிறேன். இரவுச் செய்திகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முழுவதும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

டச்சப் நாளன்று முதல் கால் மணி நேரம் ஊசியைத் தொடுவதே இல்லை. வந்தவரை முகம் கழுவச் சொல்லி, பென்சில், பவுடர் எல்லாம் போன பின் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, முதல் நாள் எடுத்த அதே கோணத்தில் படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். சென்ற மாதம் வந்த பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இடது புருவம் நன்றாகப் பிடித்திருந்தது. வலது புருவத்தின் வால் பகுதியில் விரல்நுனி அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள் என்று கேட்டேன். வலப்பக்கம் என்றார். ஆறுகிற நாள்களில் தலையணையில் உரசி, பொருக்கு முன்னதாகவே பெயர்ந்திருக்க வேண்டும். அவருக்கு அன்று வேண்டியிருந்தது அந்த வாலில் ஏழெட்டுக் கோடுகள், அவ்வளவே. "காசு கட்டியிருக்கேனே மேடம், ரெண்டு பக்கமும் போட்டுவிட்டுடுங்க" என்றார். கணக்குக்காக நல்ல தோலைக் கீற முடியாது என்று சொல்லி, இடது பக்கத்தைத் தொடாமல் அனுப்பினேன். அவருக்கு முழு மனம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எண்ணெய்ப் பசை மிகுந்த தோலில் மெல்லிய கோடுகள் சில வாரங்களிலேயே கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதுண்டு. அத்தகையவருக்கு டச்சப்பில் மேலும் கோடுகளைச் சேர்த்தால் கலங்கல் கூடுமே தவிர அழகு கூடாது. இடைவெளிகளில் மெஷினால் லேசாக நிழல் கொடுப்பதே சரி. வீட்டுப் பழக்கங்களும் கணக்கில் வரும். முதல் இரண்டு வாரம் முகத்துக்கு மஞ்சள் பூசுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, ஆவி பிடிப்பது எல்லாவற்றையும் தள்ளிவைக்கச் சொல்கிறோம். எங்கள் ஊரில் பெரும்பாலான பெண்கள் ஸ்கூட்டரில் போகிறவர்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சு சரியாகப் புருவத்துக்கு மேல் அழுந்தி, வியர்வையோடு உரசுகிறது. அதனால் ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு வாரமும் பேருந்திலோ ஆட்டோவிலோ போய்வாருங்கள் என்கிறேன். இவற்றில் எது நடந்தது என்பதை டச்சப் நாளன்று கோபப்படாமல் விசாரித்தால்தான் உண்மையான பதில் வரும்.

இரண்டாம் அமர்வில் நிறத்தைச் சேர்க்கலாம், குறைக்க முடியாது. எனவே முதல் அமர்வில் கை அடக்கி, குழம்புக்கு உப்புப் போடுவதுபோல் ஒரு மாற்றுக் குறைவாகவே போடுகிறோம். இதைத்தான் அந்த வாசகி அரைகுறை வேலை என்று எண்ணியிருக்கிறார் என்று நினைக்கிறேன். உதட்டு வேலையில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கருத்த உதட்டின் மேல் நேரடியாக இளஞ்சிவப்பை ஏற்றினால் அது சாம்பல் பூத்துப்போகும். முதலில் ஆரஞ்சு சாயல் கொண்ட நிறமியால் கருமையை மட்டுப்படுத்தி, ஏறக்குறைய எட்டு வாரம் ஆறவிட்டு, பிறகே விரும்பிய நிறத்தை வைக்க வேண்டும். முதல் அமர்வோடு நின்றுவிடுபவர் கேட்ட நிறம் வரவில்லை என்று புகார் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன்.

முதல் நாள் கேட்ட உடல்நலக் கேள்விகளை டச்சப் நாளன்றும் மறுபடி கேட்கிறேன். இடைப்பட்ட ஆறேழு வாரத்தில் பல மாறுதல்கள் நடந்திருக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை தொடங்கியிருப்பார்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எழுதித் தந்திருப்பார்கள், சர்க்கரை ஏறியிருக்கும், உதட்டுக்காக வந்தவருக்கு உதட்டோரம் அக்கிக் கொப்புளம் புறப்பட்டிருக்கும். சிலர் தாய்மை அடைந்திருப்பார்கள். இத்தகைய நிலைகளில் நான் வேலையைத் தள்ளிவைத்துவிடுகிறேன். மாத்திரை விஷயத்தில் மருத்துவர் சொல்லாமல் தொடுவதில்லை. குழந்தை பெற்றுப் பால் மறக்கடித்த பிறகு வந்தவருக்கும் பழைய பேச்சின்படியே, கூடுதல் கட்டணம் இல்லாமல் டச்சப் செய்து கொடுத்திருக்கிறேன். தேதி தவறியது அவருடைய அலட்சியத்தால் அன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதம் இரத்த தானம் செய்யக் கூடாது என்பது நம் நாட்டு விதி. புருவ ஒப்பனையும் தோலுக்குள் ஊசி போகும் வேலைதான் என்பதால், கல்லூரி முகாம்களுக்குத் தவறாமல் போகும் மாணவியரிடம், கணக்கை டச்சப் தேதியிலிருந்து வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

கல்யாணப் பெண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தாயும் மகளுமாக வந்து, இப்போதே போட்டுவிடுங்கள், டச்சப் வேண்டாம் என்கிறார்கள். பத்தாம் நாள் என்பது பொருக்கு உதிர்ந்தும் உதிராமலும் இருக்கும் நாள். அந்த முகத்தோடு மணவறையில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது. தை மாதக் கடைசியில் திருமணம் என்றால் முதல் அமர்வு ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டும். டச்சப் கார்த்திகைக் கடைசியில். மார்கழி முழுவதும் ஆறுவதற்கு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே புருவத்துக்கும் தேதி பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

இனி, அந்த வாசகியின் கோபத்தில் நியாயமான பாதிக்கு வருகிறேன். விளம்பரத்தில் ஒரு தொகையைப் போட்டு ஆளை வரவழைத்துவிட்டு, ஆறாவது வாரத்தில் டச்சப்புக்குத் தனிக் கட்டணம் என்று சொல்வது ஏமாற்று வேலை. அதற்கு வேறு பெயர் இல்லை. 'ஒரே சிட்டிங், ஆயுசுக்கும் போதும்' என்று விளம்பரம் செய்வதும் அதே வகைதான், ஏனெனில் புருவ நிறம் பெரும்பாலோருக்கு ஓரிரண்டு ஆண்டில் மங்கத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி வருபவர்களை முழுவதுமாகக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவர்கள் பழகுவது ரப்பர் தோலில். அது ஆறுவதும் இல்லை, உரிவதும் இல்லை. ஆறிய புருவம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் கடை திறப்பவருக்கு டச்சப் நாளன்று என்ன செய்வதென்று எப்படித் தெரியும்?

என்னிடம் உள்ள நடைமுறை இது. முதல் அமர்வும், எட்டு வாரத்துக்குள் ஒரு டச்சப்பும் சேர்த்து ஒரே தொகை. அது ரசீதிலேயே எழுதப்பட்டிருக்கும். காரணமில்லாமல் மூன்று மாதம் தாண்டி வந்தால் பாதிக் கட்டணம். டச்சப்பிலும் புதிய ஊசி பிரிக்க வேண்டும், மரத்துப்போகும் கிரீம் செலவாகும், ஒன்றரை மணி நேரம் போகும். ஓராண்டு கழித்து நிறம் மங்கி வருபவருக்குச் செய்வது புதிய வேலை, அதற்குத் தனிக் கட்டணம். வேறொருவர் போட்ட புருவத்தை டச்சப் என்று சொல்லிக் கொண்டுவந்தால், உள்ளே என்ன நிறமி இருக்கிறது என்று தெரியாமல் அதன் மேல் கை வைப்பதில்லை. இரும்பு ஆக்சைடு நிறமி நாளாகச் செம்மை தட்டும், கார்பன் கறுப்பு நீலச் சாம்பலாகும். இரண்டுக்கும் திருத்தும் முறை வேறு. ஆகவே ஒவ்வொருவருக்கும் அட்டை ஒன்று வைத்து, நிறமியின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள், ஊசியின் அளவு எல்லாவற்றையும் குறித்து, நகலை அவர் கையிலும் கொடுக்கிறேன். தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் இத்தகைய மைகளில் சேரும் வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நிலைமை இப்படி இருக்கையில், எந்தப் புட்டியிலிருந்து எடுத்துப் போட்டோம் என்பதற்கு ஒரு அட்டையாவது இருக்க வேண்டாமா? பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், புருவத்தில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது என்று சொல்லவும் அது உதவும்.

அந்த வாசகிக்கு இப்போது எத்தனையாவது வாரம் என்பது அவருடைய கடிதத்தில் இல்லை. ஆறு வாரம் ஆகவில்லையென்றால் எதுவும் செய்யாமல் காத்திருக்கட்டும். ஆகிவிட்டதென்றால், முதல் நாள் வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு போய், தமக்குப் போட்ட நிறமியின் விவரத்தை எழுத்தில் கேட்கட்டும். டச்சப்புக்குப் பணம் உண்டு என்று அவர்கள் முன்பே சொல்லவில்லையென்றால் இப்போது கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பிடிவாதம் பிடித்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். ஊசி உறையைத் தம் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்பதையும் அன்று பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நிரந்தர ஒப்பனைக் கலைஞர் ஒருவர்,
கோயம்புத்தூர்.