ஐரோப்பிய நதிக்கப்பல் விற்கும் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண முகவர்களே,

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊருக்கு ஊர் அலுவலகம் போட்டு, டிசம்பரில் ஐரோப்பாவுக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள மைன்ஸ் நகரில். ஊரிலிருந்து சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யார் இந்தப் பக்கம் வருவதாக இருந்தாலும், நீங்கள் கொடுத்த பயணத் திட்டம் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இது நல்லா இருக்குமாக்கா?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்கும் "கிறிஸ்துமஸ் மார்க்கெட் ரிவர் குரூஸ்" பேக்கேஜில் கப்பல் இருக்கிறது, நதி இருக்கிறது. பல சமயம் மார்க்கெட்தான் இருப்பதில்லை.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை விடுவதே கிறிஸ்துமஸை ஒட்டித்தான். அலுவலகத்தில் லீவு கேட்டாலும் அப்போதுதான் கிடைக்கும். அதனால் டிசம்பர் 23, 24 வாக்கில் கப்பல் ஏறி, புத்தாண்டுக்கு முன்னால் இறங்கும் பயணம் உங்களிடம் சட்டென்று விற்றுப்போகிறது. பெயரிலும் கிறிஸ்துமஸ் இருக்கிறது, தேதியிலும் கிறிஸ்துமஸ் இருக்கிறது. வாங்குகிறவருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

ஆனால் இங்கே ஊர்ச் சதுக்கங்களில் மரக்கடைகள் போட்டு நடத்தும் இந்தச் சந்தைகள் நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வென்ட் எனும் நான்கு வாரங்களில். பண்டிகை வந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். கொலோன் பேராலயத்தின் முன் நடக்கும் சந்தை, ரூடெஸ்ஹைம் சந்தை, எங்கள் மைன்ஸ் சந்தை, சுவிட்சர்லாந்துப் பக்கம் பாசல் சந்தை எல்லாம் 23ஆம் தேதியோடு சரி. நியூரம்பெர்க் 24 மதியம் வரை இருக்கும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கிலும் பெரும்பாலும் 24தான் கடைசி. அன்று பிற்பகலில் சூப்பர் மார்க்கெட் முதல் துணிக்கடை வரை எல்லாம் பூட்டிவிடும். 25, 26 இரண்டும் ஜெர்மனியில் அரசு விடுமுறை. 25ஆம் தேதி ரைன் நதியில் "மார்க்கெட் பார்க்க" ஆளை இறக்கிவிடுவது, தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு வாங்கத் தீவுத்திடலுக்குக் கூட்டிப்போவதற்குச் சமம்.

ஓர் ஆண்டு டிசம்பர் 26 அன்று எங்கள் மைன்ஸ் பேராலயச் சதுக்கத்தைக் கடந்து போனபோது, நம் ஊர்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். பெரியவர் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக நிற்கிறார். அந்த அம்மா பட்டுப்புடவைக்கு மேல் நீளமான கோட்டு போட்டிருக்கிறார். கையில் அச்சடித்த பயணத் திட்டம். அதில் "மைன்ஸ்: கிறிஸ்துமஸ் சந்தை, ஓய்வு நேரம்" என்று இருந்தது. எதிரே வேலையாட்கள் மரக்கடைகளின் பலகைகளைக் கழற்றி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "இங்கதானே மார்க்கெட்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? பக்கத்தில் திறந்திருந்த ஒரே காபிக் கடையைக் காட்டினேன்.

இத்தனைக்கும் இந்தத் தேதிகள் ஒன்றும் ரகசியமில்லை. ஒவ்வொரு நகராட்சியும் பல மாதம் முன்பே அறிவித்துவிடும். தொடக்கத் தேதியிலும் இதே கவனம் வேண்டும். நவம்பர் கடைசியில், ஆட்வென்ட்டுக்கு முந்தைய ஞாயிறு இங்கே இறந்தவர்களை நினைவுகூரும் நாள். அது முடியும்வரை ஜெர்மனியின் பல ஊர்களில் சந்தை திறக்க மாட்டார்கள். நியூரம்பெர்க்கில் முதல் ஆட்வென்ட் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 5.30க்கு, ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தின் மாடத்தில் பொன்னிறச் சுருள்முடியும் கிரீடமுமாக "கிறிஸ்ட்கிண்ட்" (குழந்தை இயேசு) வேடமிட்ட இளம்பெண் வந்து நின்று வரவேற்புரை சொன்னால்தான் சந்தை தொடங்கும். ஆக நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் 23 வரை, ஏறக்குறைய நான்கு வாரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் அனுப்பினால் வாடிக்கையாளர் உங்களை வாழ்த்துவார்.

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்ட பிறகுதான் வர முடியும் என்று ஒரு குடும்பம் பிடிவாதமாக இருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. ரைன் வேண்டாம், டான்யூப் நதியில் வியன்னா–புடாபெஸ்ட் பகுதியைக் கொடுங்கள். வியன்னாவில் நகர மன்றத்தின் முன் நடக்கும் பெரிய சந்தை 26 வரை இருக்கும். ஷோன்புருன் அரண்மனைச் சந்தை இப்போதெல்லாம் புத்தாண்டு தாண்டியும் நடக்கிறது. புடாபெஸ்டில் புனித ஸ்தேவான் பேராலயத்தின் முன் இருக்கும் கடைகள் ஆண்டுக் கடைசி வரை திறந்திருக்கும். இந்த இரண்டு நகரங்களிலும் தலா இரண்டு இரவு நிற்கும் கப்பலாகப் பார்த்துக் கொடுத்தால் போதும். நதிக்கப்பலே வேண்டாம், ரயிலில் போய் வாருங்கள் என்று சொன்னாலும் நல்லதுதான். உங்களுக்குக் கமிஷன் குறையும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது மணி. டிசம்பரில் இங்கே எப்போது இருட்டும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொலோனில் மாலை நாலரைக்கு முன்பே, நியூரம்பெர்க்கில் நாலேகாலுக்கு, வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் நாலு மணியை ஒட்டி. சந்தையின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான். பகல் பதினோரு மணிக்குப் பார்த்தால் நியூரம்பெர்க்கின் அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைகள் சும்மா வரிசையாக நிற்கும். இருட்டி விளக்கேற்றியதும் அதே இடம் வேறாகிவிடும். கூட்டம் சேரும், வறுத்த பாதாமில் சர்க்கரை உருகும் வாசனை தெரு முனைக்கே வரும். உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கோர்த்துச் செய்த மனித பொம்மைகள் விளக்கொளியில் பளபளக்கும். அந்த ஊருக்கே உரிய சரக்கு அது. கப்பல்காரர்கள் போடும் அட்டவணையோ பல சமயம் காலையில் கரை இறக்கி, நாலு அல்லது ஐந்து மணிக்கு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, ஏழு மணிக்கு இரவு உணவு என்று இருக்கும். விளக்கு ஏற்றுகிற நேரத்தில் நம் ஆட்கள் கப்பல் சாப்பாட்டு அறையில் சூப்புக்குக் காத்திருப்பார்கள்.

இது கப்பல்காரர்களின் குற்றம் மட்டுமல்ல. இரவு முழுக்க ஓடினால்தான் மறுநாள் அடுத்த ஊர் வரும். ஆனால் ஒரே வழித்தடத்தில் பல நிறுவனங்கள் ஓட்டுகின்றன. இரவு பத்து, பதினொன்று வரை துறையில் நிற்கும் பயணங்களும் இருக்கின்றன. எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கட்டுகிறார்கள், எத்தனை மணிக்கு அவிழ்க்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்கி வாடிக்கையாளருக்குக் காட்டுங்கள். நான் ஒரு பயணத் திட்டத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். அறையில் எத்தனை தலையணை என்பது அப்புறம்.

எங்கே கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். நியூரம்பெர்க் என்று போட்டிருக்கும்; கப்பல் நிற்பது மைன்-டான்யூப் கால்வாயின் துறையில், பழைய நகரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. பஸ் இல்லாமல் ஆகாது. ஸ்ட்ராஸ்பூர்க் என்று போட்டுவிட்டு எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேல் ஊரில் நிறுத்துவதும் உண்டு. பதற வேண்டியதில்லை, 2017 முதல் கேலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்கின் நடு ஊருக்கு டிராம் ஓடுகிறது. ஆனால் முன்கூட்டித் தெரிந்திருந்தால்தானே எழுபது வயதுப் பெரியவர் குளிரில் நின்று வழி கேட்காமல் இருப்பார்? மைன்ஸில் அந்தத் தொல்லை இல்லை, துறையிலிருந்து பேராலயம் நடக்கும் தூரம்தான். எங்கள் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை.

இனி தண்ணீர். இதைப் பற்றி உங்களில் யாரும் வாய் திறப்பதே இல்லை. ரைன் நதியில் மலை இடுக்கில் கௌப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள நீர்மட்ட அளவுகோலைத்தான் இந்த நதியில் பிழைப்பு நடத்துகிற அத்தனை பேரும் தினமும் பார்ப்பார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் முழு ஆழம் இல்லை. கப்பல் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். இருந்தாலும் அப்படிப்பட்ட நாளில் பயணிகள் கப்பல் அந்தப் பாறைப் பகுதியைக் கடக்க முடியாது. தலைகீழாகவும் நடக்கும்: 2023 டிசம்பரில் மழையும் பனி உருகிய நீரும் சேர்ந்து வெள்ளம் வந்து, ரைனின் தென்பகுதியில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். டான்யூப்பில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்குத் தடுப்பணை கிடையாது. நீர் குறைந்தால் முதலில் தட்டுவது அங்கேதான். நியூரம்பெர்க்–புடாபெஸ்ட் பயணம் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

அப்போது கப்பல்காரர்கள் என்ன செய்வார்கள்? பெரிய நிறுவனமாக இருந்தால் அந்தப் பக்கம் இன்னொரு கப்பல் வைத்திருப்பார்கள். பயணிகளைப் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் ஏற்றி அங்கே மாற்றுவார்கள். இல்லையென்றால் கப்பல் ஒரே இடத்தில் நிற்கும், தினம் பஸ்ஸில் ஊர் சுற்றலாம். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இதற்கெல்லாம் இடம் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இப்படி ஆனபோது, ஊரில் அட்வான்ஸ் வாங்கிய முகவர் போனையே எடுக்கவில்லை. பெயர் எழுதப்போவதில்லை. வாசித்தால் அவருக்குத் தெரியும். வானத்தையும் ஆற்றையும் நீங்கள் கட்டுப்படுத்த முடியாது, சரி. "இப்படி ஆகலாம், ஆனால் இன்னது செய்வார்கள், பணம் திரும்ப வருவது இவ்வளவுதான்" என்று முன்பணம் வாங்கும் முன் சொல்லலாமே.

விசா விஷயத்தில் நீங்கள் காட்டும் சாமர்த்தியத்துக்கும் ஒரு வார்த்தை. ஆம்ஸ்டர்டாமில் ஏறி பாசலில் இறங்கும் பயணம் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என நான்கு நாடுகளைத் தொடும், நான்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகள்தான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. இந்தப் பயணத்தில் பெரும்பாலும் அது ஜெர்மனியாகவே வரும். ஆனால் "அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கல, இங்கே கிடைச்சுது" என்று வேறொரு நாட்டில் போட்டுக் கொடுக்கிறீர்கள். விமான நிலையத்தில் அதிகாரி கேள்வி கேட்கும்போது நிற்பது நீங்கள் அல்ல. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு ஜூன், ஜூலையில் தொடங்குங்கள். எந்த இரவு எந்த நாட்டுத் துறையில் என்று கப்பல் நிறுவனத்திடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ; குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். இதையெல்லாம் கடைசி வாரத்தில் "எக்ஸ்ட்ரா" என்று சொல்லாதீர்கள்.

கப்பலைப் பற்றியும் உள்ளதைச் சொல்லுங்கள். கடல் குரூஸ் போய் வந்தவர்கள் அதே நினைப்பில் வந்துவிடுகிறார்கள். இது 135 மீட்டர் நீளம், பதினொன்றரை மீட்டர்கூட அகலம் இல்லாத கப்பல். மைன்-டான்யூப் கால்வாயில் கப்பல் கடக்கும் மதகுகளின் அகலமே 12 மீட்டர்தான். இருநூறு பேருக்கும் குறைவாகத்தான் இருப்பார்கள். நாடகக் கொட்டகை, சூதாட்ட அறை, பிள்ளைகள் விளையாட இடம் எதுவும் எதிர்பார்க்கக்கூடாது. "பிரெஞ்சு பால்கனி" என்று கூடுதல் பணம் வாங்குகிறீர்களே, அது கண்ணாடிக் கதவும் அதன் முன் ஒரு கம்பித் தடுப்பும்தான்; காலை வைக்க இடம் கிடையாது. கூட்டமான துறையில் பக்கத்துக் கப்பலை ஒட்டிக் கட்டிவிட்டால், திரையை விலக்கினால் எதிர் அறைக்காரர் பல் தேய்ப்பதைப் பார்க்கலாம். பல கப்பல்களில் லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வராது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு விலை மலிவு என்று கீழ்த்தள அறையைத் தலையில் கட்டாதீர்கள்.

சாப்பாட்டில் சைவம் என்று சொன்னால் கப்பலில் சமாளிப்பார்கள். சந்தையில் உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், சுட்ட செஸ்ட்நட்டும், பாலாடைக்கட்டி போட்ட ஸ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸும் கிடைக்கும். ஃபிளாம்குகன் என்ற மெல்லிய பீட்சா மாதிரியான அடை சைவம் மாதிரித் தெரியும், வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள். மது வேண்டாதவர்கள் "கிண்டர்பன்ஷ்" (மது கலக்காத சூடான பழச்சாறு) என்று கேட்கலாம். கோப்பைக்குத் தனியாக முன்பணம் பிடிப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு வரும், பிடித்திருந்தால் ஊருக்கு எடுத்துப் போகலாம். சில்லறை ரொக்கம் கையில் இருக்கட்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன், ஒவ்வொரு ஊருக்கும் எதிரே அந்த ஆண்டின் சந்தைத் தேதி, கப்பல் கட்டும் இடம், கட்டும் நேரம், அவிழ்க்கும் நேரம்; கீழே தண்ணீர் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஏற்பாடு என்பது; அதற்கும் கீழே உங்கள் கையெழுத்து. அடுத்த டிசம்பருக்கு வர என் சித்தியும் அவருடைய தோழிகளும் இப்போதே பேசிவைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை முதலில் அனுப்புகிறவரிடம்தான் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மைன்ஸிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்