மொத்தத்தையும் படித்துவிட்டு ஆரம்பிக்காதே

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஆளுக்கொரு பாத்திரமாகி நாம் மேசையில் ஆடிய அந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக உன் மகளும் பகடையைக் கையில் எடுத்துவிட்டாள் என்ற செய்தியை, அன்று நம் ஆட்டத்தை நடத்திய வாத்தியாருக்குத்தான் முதலில் சொன்னேன். "பூதத்திடம் ரசீது கேட்டவன் மகளா?" என்று கேட்டார். அப்புறம் அவரால் பேசவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. நம்மோடு ஆடிய கஞ்சனுக்கும் சொல்லியாகிவிட்டது. பச்சைக்கல் மோதிரம் பற்றி மட்டும் அவனிடம் பேச்செடுக்காதே, இன்னும் ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் நீயே ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர், ஆட்டம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில், அதற்கு முன்னால் அந்த உலகத்து நாவல்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்துவிடப் போகிறேன், பட்டியல் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. முழுப் பட்டியல் அனுப்பமாட்டேன். கெஞ்சிக் கேட்கிறேன், வரிசையாகப் படிக்காதே.

அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியுமா? 1987இல் டக்ளஸ் நைல்ஸ் எழுதிய 'டார்க்வாக்கர் ஆன் மூன்ஷே' முதல் நாவல். அதன் பிறகு வந்தவை இருநூறைத் தாண்டும். உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு ஊர்ப் பெயர் வந்தால் போதும், அங்கே எத்தனை கோயில், யார் தலைவன், வாசல் எந்தப் பக்கம் என்று நோட்டில் வரைய உட்கார்ந்துவிடுவாய். படித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் கல்லூரி முடித்துவிடுவாள். அதைக்கூட விடு. நிஜமாகவே நீ படித்து முடித்துவிட்டால்தான் ஆபத்து. அவள் "கோட்டைக் கதவுக்குத் தீ வைக்கிறேன்" என்பாள். உனக்கு உடனே, நாவலில் அந்தக் கோட்டை எரியவே இல்லையே என்று தோன்றும். அந்த ஒரு நொடித் தயக்கம் உன் முகத்தில் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அதைப் பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒருவரும் எதற்கும் தீ வைக்கமாட்டார்கள்.

இந்த நாவல்களை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ஆட்டத்துக்காகப் பிறந்த கதைகள் இவை. ஆனால் ஆட்டத்துக்கு இருந்த இடத்தையே சில சமயம் தின்றிருக்கின்றன. இதே ஆட்டத்தின் இன்னொரு உலகமான டார்க் சன் ஞாபகம் இருக்கிறதா? ஆதாஸ் என்கிற பாலைவனம். அங்கே மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்சும், மண் சாம்பலாகும். இரும்பு கிடைப்பதே அபூர்வம், எலும்பிலும் எரிமலைக் கண்ணாடிக் கல்லிலும் ஆயுதம் செய்வார்கள். ஊருக்கு ஊர் சாகாத மந்திரவாதி அரசர்கள். இப்படி ஒரு உலகத்தை விரித்து வைத்தால் விளையாடுகிறவனுக்கு முதலில் என்ன ஆசை வரும்? அந்த அரசர்களில் ஒருவனைக் கவிழ்க்க வேண்டும் என்றுதானே? 1991இல் டிராய் டென்னிங் எழுதிய 'வெர்டன்ட் பாசேஜ்' நாவலிலேயே அதைச் செய்துவிட்டார்கள். அருமையான நாவல், அடிமைகளும் கிளாடியேட்டர்களும் வருகிற பகுதிகளில் மூச்சு முட்டும். ஆனால் அந்த ஐந்து புத்தக வரிசை முடிவதற்குள் உலகத்தின் பெரிய காரியங்கள் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. 1995இல் அந்த உலகத்தை விவரிக்கும் விளையாட்டுப் பெட்டியைத் திருத்தி வெளியிட்டபோது அந்த மாற்றங்களை உள்ளே சேர்த்தே கொடுத்தார்கள். புதிதாக மேசைக்கு வந்தவன் வேறு யாரோ ஜெயித்த போர்க்களத்தைச் சுற்றிப்பார்க்க வேண்டியதாயிற்று.

ரெல்ம்ஸிலும் இதே கதைதான். 1989இல் விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தது. விதி மாறினால் உலகத்துக்குள்ளும் அதற்குக் காரணம் வேண்டுமே என்று, தெய்வங்களைப் பூமியில் இறக்கி, மந்திரத்தைத் தாறுமாறாக்கி, 'அவதார்' நாவல் வரிசையை எழுதினார்கள். புதிய விதிநூலில் அசாசின் எனும் கூலிக்கொலைகாரன் வகுப்பு, அதாவது பாத்திர வகை, இல்லை, அதனால் கதைக்குள் உலகத்து அசாசின்கள் எல்லோரும் ஒரேயடியாகச் செத்துப்போகிறார்கள். நம் மேசையில் யாராவது அசாசினாக இருந்திருந்தால் வாத்தியார் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்!

செம்பியா சங்கதி இதைவிட வருத்தம். ரெல்ம்ஸ் உலகத்தை உருவாக்கிய எட் கிரீன்வுட், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டே வராத காலத்தில், சிறுவனாக இருக்கும்போதே அதை எழுத ஆரம்பித்தவர். 1987இல் அது பெட்டியாக வெளிவந்தபோது செம்பியா என்ற நாட்டை மட்டும் டஞ்சன் மாஸ்டர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்று காலியாக விட்டிருந்தார்கள். 2000இல் அதற்கும் ஒரு நாவல் வரிசை வந்துவிட்டது. நீ செம்பியாவில் ஆட்டத்தை வை. அங்கே நடக்கும் நாவல் ஒன்றைக்கூடத் தொடாதே. உன் நோட்டும் அவர்களுடைய பகடையும் போதும்.

அப்படியென்றால் ஒன்றும் படிக்க வேண்டாமா என்று கேட்பாய். படிக்க வேண்டும். விதிநூலில் ஒரு வரியாகக் கிடக்கிற விஷயம் ஒரு ஆளுக்குத் தலைவிதியாக மாறுகிற புத்தகங்களைப் படி. மேசைக்கு உதவுகிறவை அவைதான்.

அந்த வகையில் முதல் இடம் டிராகன்லேன்ஸ் என்ற இன்னொரு உலகத்தின் நாவல் வரிசைக்கு. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதியது. முதல் நாவல் 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்விலைட்' 1984இல் வந்தது. அதே வருடம் அதே கதை மேசையில் விளையாடும் சாகசமாகவும் வெளிவரத் தொடங்கியது. அதனால் அந்த முதல் புத்தகத்தில் பகடை உருளும் சத்தம் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். ஒரு குகை, ஒரு சண்டை, ஓய்வு, மறுபடி குகை. வேகமாகத் தாண்டிப் போ. இரண்டாவது புத்தகத்தில் ஸ்டர்ம் என்ற வீரன் வருகிற இடங்களை மட்டும் மெதுவாகப் படி, அதற்கு மேல் சொல்லமாட்டேன். விளையாட வந்த சாகசப் புத்தகத்தில் ஒரு விநோதமான விதி இருந்தது: கதைக்கு முக்கியமான ஆள் செத்தால், உடல் கிடைக்காதபடி, நிச்சயமாகத் தெரியாதபடி சாகவிடு, பிறகு திரும்பி வர வசதியாக இருக்கும் என்று. நாவலைக் காப்பாற்ற மேசையின் கையைக் கட்டிப்போட்ட விதி அது. உன் மேசைக்குள் அதை விடாதே.

ஆனால் அதே கதையில் வரும் மந்திரவாதி ராஸ்ட்லின்! அவனுக்காக மட்டுமே உனக்கு இவ்வளவு பெரிய கடிதம் எழுதலாம். அந்தக் காலத்து நம் ஆட்டத்தில் கீழ்நிலை மந்திரவாதி எப்படி இருப்பான்? ஒரு அடி விழுந்தால் சுருண்டுவிடுவான். மந்திரத்தை ஒருமுறை சொன்னதும் அது மனசிலிருந்து அழிந்துவிடும், மறுபடி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும். நாம் இதையெல்லாம் குறை என்று புலம்பினோம், வாத்தியாரிடம் சலுகை கேட்டோம். அந்த இரண்டு விதிகளையும் எடுத்து வைஸும் ஹிக்மனும் ஒரு மனிதனைச் செய்துவிட்டார்கள். மந்திரச் சோதனையில் உடம்பு நொறுங்கியவன். நிற்காத இருமல், தங்க நிறத் தோல், மணற்கடிகாரம் போன்ற கண்மணிகள். அந்தக் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் அது காலத்தில் அழுகி உதிர்வது மட்டுமே தெரியும். பக்கத்திலேயே மலை மாதிரி ஆரோக்கியமான இரட்டைச் சகோதரன் காரமோன். கை கொடுத்துத் தூக்குகிறவனையே வெறுக்க வேண்டிய நிலைமை எவ்வளவு கொடுமை! அந்தக் குரல் பிறந்ததும் மேசையில்தான். ஆட்டத்தைச் சோதித்துப் பார்த்த நாட்களில் அவனாக விளையாடிய டெரி ஃபிலிப்ஸ் கரகரத்த கிசுகிசுப்பில் பேசினார், அது அப்படியே பாத்திரத்தின் குரலாகிவிட்டது.

அந்த இரட்டையரின் கதை முழுதாக விரிவது 1986இல் வந்த 'லெஜண்ட்ஸ்' மூன்று புத்தகங்களில். அவை சாகசப் புத்தகம் எதையும் ஒட்டி எழுதப்பட்டவை அல்ல, அதனால் கதை தன் போக்கில் மூச்சு விடுகிறது. ராஸ்ட்லின் தெய்வமாக ஆசைப்படுகிறான், காரமோன் குடித்துக் குடித்து வீணாகியிருக்கிறான், இருவரும் பழங்காலத்துக்குப் போகிறார்கள். டிராகன்களைவிடப் பயங்கரமானது ஒரு அண்ணன் தம்பியின் கணக்கு என்று உணரவைக்கிற எழுத்து. இந்த வகை நாவல்களைக் கூலி எழுத்து என்று நீ ஒதுக்குவாயே, 'டைம் ஆஃப் த ட்வின்ஸ்' முடித்த பிறகும் அப்படிச் சொல்கிறாயா என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். கூலிக்குத்தான் எழுதினார்கள், பாத்திரங்கள் கம்பெனிக்குத்தான் சொந்தம், எழுதியவர்களுக்கு இல்லை. தனக்குச் சொந்தமே இல்லாத ஒருவன்மேல் இத்தனை கருணை வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

ரெல்ம்ஸிலிருந்து உனக்கு ஒரே ஒரு புத்தகம்: ஆர். ஏ. சல்வடோர் எழுதிய 'ஹோம்லேண்ட்', 1990. டார்க் எல்ஃப் இனத்தைச் சேர்ந்த டிரிஸ்ட் என்பவன் வருகிற கதை. இவன் முதலில் கதாநாயகனே இல்லை. 1988இல் வந்த 'கிரிஸ்டல் ஷார்ட்' நாவலுக்குத் துணைப் பாத்திரம் ஒன்று உடனே வேண்டும் என்று எடிட்டர் போனில் கேட்க, சல்வடோர் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாராம், அதில் பிறந்தவன். நாவலின் நாயகனாக அவர் நினைத்திருந்தது வுல்ஃப்கார் என்ற காட்டுவாசி வீரனை. அப்படி நுழைந்தவனுக்கு ஊரும் குடும்பமும் கொடுத்து எழுதியதுதான் 'ஹோம்லேண்ட்'. நிலத்தடி நகரம் மென்சோபெரான்சன். அங்கே ஒரு வம்சம் இன்னொன்றை அழிக்கலாம், ஆனால் குற்றம் சாட்ட அந்த வம்சத்தில் ஒருவரும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அழித்தவர்களுக்கு அழிவு. ஒரே ஒரு சட்டம், அதிலிருந்து நகரத்தின் பயம் முழுவதும் கிளம்புகிறது. டஞ்சன் மாஸ்டர் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். உன் செம்பியாவில் ஒரு ஊருக்கு இப்படி ஒரு சட்டம் வை, கோயில் எண்ணிக்கையெல்லாம் தானாக வரும். டிரிஸ்டை மட்டும் உன் மேசைக்குக் கூட்டி வராதே. அவன் வந்தால் அந்தப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும்.

மகளுக்கு வேறு புத்தகம். கேட் நோவாக்கும் ஜெஃப் கிரப்பும் எழுதிய 'ஏஷர் பாண்ட்ஸ்', 1988. ஏலியாஸ் என்ற வாள்வீராங்கனை கண் விழிக்கிறாள், கையில் நீல நிறக் குறிகள், எப்படி வந்தன என்று தெரியாது, யாருடைய ஆணைக்கோ தன் கை தானாகப் பாய்கிறது. நான் எழுதிய ஆள் எனக்குச் சொந்தமா, வேறொருவருக்கா? மேசையில் முதல்முறை உட்காரும் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி கிடையாது. கூடவே வாசனைகளால் பேசுகிற ஒரு பல்லி மனிதன் வேறு. அவளுக்குப் பிடிக்கும்.

இன்னொரு யோசனையும் உண்டு. ரெல்ம்ஸையே விட்டுவிட்டு எபரான் என்ற உலகத்துக்குப் போயேன். ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி 2002இல் புதிய உலகத்துக்குப் போட்டி வைத்தபோது 11,000க்கும் மேல் வந்தவற்றில் கீத் பேக்கரின் உலகம் ஜெயித்தது. அவர் எழுதிய 'சிட்டி ஆஃப் டவர்ஸ்' 2005இல் வந்தது, பெரும்போர் முடிந்து வேலையில்லாமல் நகரத்துக்கு வருகிற சிப்பாய்களின் கதை. அதில் போருக்கென்றே செய்யப்பட்ட ஒருவன், இனி தான் எதற்கு என்று யோசிக்கிற இடங்கள் மனசைப் பிசையும். முக்கியமாக, எபரானில் நாவல்கள் விளையாட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. உலகத்தின் ஆண்டு 998இலேயே நிற்கிறது, அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் அந்தந்த மேசையின் பொறுப்பு. என் வியாதிக்கு மருந்து அந்த ஏற்பாடுதான்.

நம் மேசையில் இத்தனை வருடம் கழித்தும் வாத்தியாரும் கஞ்சனும் நானும் பேசுவது எதைப் பற்றி என்று நினைக்கிறாய்? அந்தப் பாலத்தைப் பற்றி. நீ கயிற்றை அறுத்ததைப் பற்றி. அதை எந்த நாவலும் உனக்குச் சொல்லித்தரவில்லை, வாத்தியாரும் எதிர்பார்க்கவில்லை. "அறுக்கிறேன்" என்றாய், அவர் ஒரு கணம் பார்த்தார், "சரி, போடு பகடையை" என்றார். உன் மகளுக்கு அந்த "சரி" கிடைக்க வேண்டும். எனக்கு வேறு கவலை இல்லை.

'ஹோம்லேண்ட்', 'ஏஷர் பாண்ட்ஸ்' இரண்டும் என்னிடம் இருக்கின்றன, அனுப்புகிறேன். 'லெஜண்ட்ஸ்' வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவரிடமிருந்து வாங்குவது உன் சாமர்த்தியம். முதல் ஆட்டத்துக்குத் தேதி வைத்ததும் எழுது. அவள் என்ன வகுப்பு எடுத்திருக்கிறாள் என்று சொல்லவே இல்லையே? மந்திரவாதி என்றால் உடனே தெரியப்படுத்து, ராஸ்ட்லின் பற்றி அவளுக்குத் தனியாக எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் திருடன்