பாதி கேஸ் ஏன் போட மாட்டோம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மண்ணடியில் ஒரு குடோன். நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கிவிட்டார்கள். முன்பு துணி மூட்டை இருந்த இடத்தில் இப்போது கூரை வரை டியோ ஸ்ப்ரே டப்பாக்கள். சுவரில் மட்டும் நாங்கள் அன்று மாட்டிய அதே தீயணைப்பு கேஸ் சிலிண்டர். "இதுவே இருக்கட்டும், பாதி நெருப்பாவது அணையுமே" என்றார் உரிமையாளர். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தோம். அவருக்குக் கோபம். அதனால்தான் இந்த மடல்.

அந்த சிலிண்டரில் இருப்பது எஃப்எம்-200 என்ற தீயணைப்பு கேஸ். அறைக் காற்றில் அது 7 சதவீதம் இருக்கும் கணக்கில் போட்டால், பத்துக்குப் பத்து அறைக்கு, உயரமும் பத்தடி என்றால், 15 கிலோவுக்கு மேல் வேண்டும். அறை இரண்டு மடங்கானால் கேஸும் இரண்டு மடங்கு. ஸ்ப்ரே டப்பா சரக்குக்கு அந்த 7 சதவீதமே போதாது.

சரி, குறைந்தால் என்ன? அணையாது, அவ்வளவுதானே என்று நாங்களும் முன்பு நினைத்ததுண்டு. அமெரிக்க விமானத் துறை ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். புரோப்பேன், எத்தனால், தண்ணீர் கலந்து, வெடிக்கும் ஸ்ப்ரே டப்பாவைப் போலவே ஒன்றை மூடிய தொட்டிக்குள் வெடிக்க வைத்தார்கள். ஹாலான் என்ற பழைய தீயணைப்பு கேஸுக்கு மாற்றாக வந்த, எஃப்எம்-200இன் இனத்தைச் சேர்ந்த எச்எஃப்சி-125 போன்ற கேஸ்களைத் தேவைக்குக் குறைவாக விட்டபோது, எதுவுமே விடாததைவிட அழுத்தம் அதிகமாக ஏறியது. அணைக்க வந்ததே எரிபொருளாகிவிட்டது.

காரணம் இதுதான். கடும் சூட்டில் இந்த கேஸின் மூலக்கூறு உடைகிறது. அதிலுள்ள ஃபுளூரின் ஹைட்ரஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகிறது. எரிக்க எதுவும் இல்லாமல் சும்மா நின்ற மிச்சக் காற்றுக்கும் இந்த கேஸே எரிபொருளாகக் கிடைத்துவிடுகிறது. கூடவே வருவது ஹைட்ரஜன் ஃபுளூரைடு. கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் புகை. பழைய ஹாலான் 1301இல் இருந்த புரோமின், தீயைத் தொடர்ந்து எரிய வைக்கும் வேதிவினைச் சங்கிலியை அறுத்துவிடும், குறைவாக விட்டபோதும் அது அந்தச் சோதனையில் இப்படி அழுத்தத்தை ஏற்றவில்லை. ஆனால் ஓசோனைக் கெடுக்கிறது என்று பணக்கார நாடுகள் 1994இலும், நம் நாடு 2010க்குள்ளும் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் சிலிண்டரைக் கழற்ற வேண்டாம். சரக்குக்கேற்ற முழு அளவு இருந்தால், சாதாரணத் தீயை இந்த கேஸ் நன்றாகவே அணைக்கும். எங்கள் சண்டை பாதி அளவோடுதான்.

அப்புறம், லேத் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெக்னீசியம் சீவல் எரிந்தால் சிஓ2 (கரியமில வாயு) சிலிண்டரைத் தூக்காதீர்கள். அந்த கேஸிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு, கரியை உமிழ்ந்தபடி எரியும். ஈரமில்லாத உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

சுவர் இடித்தாலும், பரண் போட்டாலும், சரக்கு மாறினாலும் கடைக்கு ஒரு போன் போடுங்கள். அளவு நாடாவோடு பையன் வருவான். ராயபுரமானாலும் திருவொற்றியூரானாலும் அளப்பதற்குக் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தீயணைப்புக் கருவிக் கடை